வாடைக்காற்றும் வாக்கிடாக்கியும்: புதுக்கோட்டைக் கடற்கரையின் கைவானொலி வரலாறு

புதுக்கோட்டை என்றதும் வாசக அன்பர்களின் நினைவுக்கு வருவன சித்தன்னவாசல் ஓவியங்களும், குடுமியான்மலை இசைக் கல்வெட்டும், நார்த்தாமலைக் குடைவரைகளும்தாம். கல்லும் கண்மாயும் நிறைந்த அந்த மாவட்டத்துக்குக் கடலும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மறப்பதற்கு நியாயமும் இருக்கிறது. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை என்பதே கிடையாது. 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு கோட்டமாயிற்று. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் உருவானபோதுதான் தஞ்சை மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பக்கத்து நிலம் பிரிந்து வந்து இதனுடன் சேர்ந்தது. அந்நிலத்தோடு வந்தது ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் கடற்கரை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல் என்று அக்கரையில் வரிசையாக ஊர்கள். அரசர் காலத்தில் இல்லாத கடல், ஆட்சியர் காலத்தில் வந்து வாய்த்தது எனலாம்.

அந்தக் கடலில் செல்வோர் கையில் இன்று இருக்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியதே இக்கட்டுரை. இருவழி வானொலி, கையடக்க வானொலி, கம்பியில்லாக் கருவி என்றெல்லாம் ஏட்டில் எழுதலாம்; கரையில் அதற்கு 'வாக்கிடாக்கி' என்றே பெயர், சற்று வயதானவர்களிடம் 'வயர்லெஸ்'. கோயில்களையும் கல்வெட்டுகளையும் பற்றிப் பேசுவதே வழக்கமான இவ்விடத்தில் இப்படியொரு கருவிக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இதற்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் சட்டமும் போரும் சாவும் உண்டு.

கரைக்கும் கலத்துக்கும் இடையிலான பேச்சு பழைமையானது. பெரும்பாணாற்றுப்படை கடற்கரைப் பட்டினத்துக் கலங்கரை விளக்கத்தைப் பாடுகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் அசைந்த கொடிகளை வகைவகையாய்க் காட்டுகிறது. பிற்காலத்தில் ஆங்கிலேயர் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் குறிகளை ஏற்றினர். 1865இல் கல்கத்தாத் துறைமுகத்தில் தொடங்கிய இம்முறை படிப்படியாகச் சோழமண்டலக் கரைக்கும் வந்தது. நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று வானொலியிலும் செய்தித்தாளிலும் நாம் கேட்டும் படித்தும் வருவது இதன் தொடர்ச்சியே. அதன் பின் ஆகாசவாணி வந்தது. மீனவர்க்கான வானிலை எச்சரிக்கைகள் படகில் தொங்கும் டிரான்சிஸ்டரை எட்டின.

விளக்கு, கொடி, கூண்டு, வானொலி என்னும் இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பேசுவது எப்போதும் கரை; கேட்பது எப்போதும் கலம். எந்திரம் நின்றுபோனால், வலை விசிறியில் சிக்கினால், பலகை பிளந்து நீர் புகுந்தால், அதைக் கரைக்குச் சொல்லக் கலத்துக்கு வாய் இல்லை. சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி வீசலாம். இரவென்றால் மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்திக் காட்டலாம். வாடைக்காற்று வலுக்கும் கார்த்திகை, மார்கழி இரவில் அதை யார் பார்ப்பது? மறுநாள் படகு வரவில்லை என்பதே கரைக்குக் கிடைக்கும் முதற்செய்தி.

கலத்துக்கு வாய் கொடுத்தது கம்பியில்லாத் தந்தி. 1895ஆம் ஆண்டளவில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி மணியை அடிக்கச் செய்து காட்டினார். மார்க்கோனி அதை வணிகமாக்கினார். கப்பல்கள்தாம் மார்க்கோனியின் முதல் பெரிய வாடிக்கையாளர்கள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய கதை அனைவரும் அறிந்ததே. ஆயினும் அக்கதையில் நமக்கு வேண்டியது பனிப்பாறையன்று. கலிபோர்னியன் என்னும் கப்பல் இருபது மைல் அளவிலோ அதனினும் அருகிலோ நின்றிருந்தது. அதிலும் கம்பியில்லாக் கருவி இருந்தது. இயக்குநர் ஒருவரே, அவர் வேலை முடிந்து கருவியை அணைத்துவிட்டு உறங்கச் சென்றிருந்தார். டைட்டானிக்கின் கூக்குரல் அக்கப்பலை எட்டவேயில்லை. கருவி இருப்பது வேறு, காது திறந்திருப்பது வேறு என்பதை உலகம் அன்றுதான் உணர்ந்தது. 1914இல் கடலில் உயிர்க்காப்புக்கான முதல் பன்னாட்டு உடன்படிக்கை எழுந்ததற்கு இவ்விபத்தே காரணம். மெத்தச் செலவு பிடிக்கும் அந்தப் பெரிய எந்திரங்கள் கப்பல்களுக்கே உரியவை. வள்ளத்துக்கும் வத்தைக்கும் அவை எட்டாக் கனி.

கையில் ஏந்தும் கருவி பிறந்தது இரண்டாம் உலகப் போரை ஒட்டி. கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ் 1937இல் காட்டுப் பகுதி விமானிகளுக்காக ஒரு பெட்டியைச் செய்தார். அமெரிக்காவில் ஆல் கிராஸ் என்னும் இளைஞர் 1938இல் தம் கருவியைச் செய்தார். பின்னாளில் மோட்டரோலா எனப் பெயர் மாற்றிக்கொண்ட சிகாகோ நகரத்துக் கால்வின் நிறுவனம் அமெரிக்கப் படைக்கு இரு கருவிகளை அளித்தது. ஒன்று, முதுகில் சுமப்பது; பதினைந்து கிலோவுக்கும் மேல் எடை. 'வாக்கி டாக்கி' என்ற பெயர் முதலில் ஒட்டிக்கொண்டது இதனிடந்தான். மற்றொன்று, கையில் பிடிப்பது; ஐந்து வெற்றிடக் குழாய்களும் மின்கலங்களும் கொண்டு இரண்டேகால் கிலோ அளவில் இருந்தது. அதற்கு 'ஹேண்டி டாக்கி' என்று பெயர். மேலிருக்கும் கம்பியை இழுத்து நீட்டினாலே கருவி உயிர்பெறும். உள்ளே தள்ளினால் அணைந்துவிடும். நிலத்தில் ஒரு மைல் எட்டினால் பெரிது. நம் மீனவர் கையில் இருப்பது பிறப்பால் 'ஹேண்டி டாக்கி', பெயரால் 'வாக்கிடாக்கி'. பெயர் மாறாட்டம் தமிழருக்குப் புதிதன்று.

இக்கருவி உலகில் பிறக்கும் முன்பே இங்கே அதற்குச் சட்டம் பிறந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தந்தியமைப்பை அரசின் தனியுரிமையாக்கியது. 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் ஒரு படி மேலே சென்று, உரிமம் இன்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பேசினால்தான் குற்றம் என்பதில்லை. பெட்டியில் கிடந்தாலும் குற்றம். பிரித்தானிய இந்தியாவுக்கென இயற்றப்பட்ட சட்டம் அது. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம் அதன் கீழ் வந்தது. சமஸ்தானத்துப் புதுக்கோட்டை தனியாட்சியில் இருந்தது. விடுதலைக்குப் பின் சட்டம் நாடு முழுமைக்கும் ஆயிற்று. 2023இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டம் அவ்விரு பழஞ்சட்டங்களின் இடத்தைக் கொள்ள வந்தது. 2024 முதல் அதன் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. நூற்றாண்டை நெருங்கும் இந்தக் காலம் முழுவதும் ஓர் எண்ணம் மட்டும் மாறவில்லை. அலை அரசினுடையது, அதில் ஏறிப் பேச விரும்புவோர் அனுமதி பெற்றே ஏற வேண்டும்.

சட்டம் எங்கும் ஒன்றாயினும் பாக் நீரிணையில் அதன் கனம் வேறு. (1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராயிருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயர் இக்கடலுக்கு எப்படியோ நிலைத்துவிட்டது.) பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழங்கூட இல்லாத இக்கடலில் 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் கோடு வரைந்தன, ஆறு புள்ளிகளை இணைக்கும் கோடு அது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் கோடு நீண்டது. மாவட்டம் பிறந்த ஆண்டும் கோடு பிறந்த ஆண்டும் ஒன்றாயிருப்பது தற்செயலே. ஆனால் அதன் பின் அக்கரை மக்களின் வாழ்வு அக்கோட்டைச் சுற்றியே அமைந்துபோயிற்று.

1983க்குப் பின் அக்கரையில் போர் மூண்டது. இக்கரையில் இயக்கங்கள் முகாமிட்டன. அந்த ஆண்டுகளில்தான் 'வாக்கிடாக்கி' என்ற சொல் தமிழ்ச் செய்தித்தாள்களின் அன்றாடச் சொல்லாயிற்று. தொடர்புக் கருவி அன்று எவ்வளவு பெரும்பொருளாயிருந்தது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 1986 நவம்பரில், பெங்களூரில் சார்க் மாநாடு நடக்கவிருந்ததை ஒட்டி, தமிழ்நாட்டில் இயக்கங்களின் படைக்கருவிகளைக் காவல்துறை கைப்பற்றியது. விடுதலைப்புலிகளின் தகவல் தொடர்புக் கருவிகளும் பறிக்கப்பட்டன. பிரபாகரன் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தார். அவர் திருப்பிக் கேட்டது அந்தத் தொடர்புக் கருவிகளை. எம்.ஜி.ஆர். அரசு அவற்றைத் திருப்பித் தந்த பின்பே நோன்பு முடிந்தது. மறு ஆண்டு, 1987 அக்டோபர் 11 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப்படையினர் ஹெலிகாப்டரில் இறங்கியபோது, அப்படையின் வானலைப் பேச்சை முன்பே ஒட்டுக்கேட்டுப் புலிகள் காத்திருந்தனர் என்பது போர் வரலாற்று நூல்கள் ஒருமுகமாய்க் கூறும் செய்தி. இந்தியப் படைக்கு அன்று நேர்ந்த இழப்பு கொடியது.

இவ்வரலாற்றின் நிழல் மீனவர் மீது விழாமல் இருக்குமா? 1991இல் ராஜீவ் காந்தி படுகொலை, 1992 மே மாதம் புலிகள் மீதான தடை, 1994இல் தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் தோற்றம் என்று அடுத்தடுத்து நடந்த காலத்தில், படகில் கம்பி நீட்டிய பெட்டி ஒன்று இருந்தால் அது ஐயத்துக்குரிய பொருள். மீன்பாட்டைச் சொல்ல வாங்கியதா, மறுகரைக்குச் செய்தி சொல்ல வாங்கியதா என்று பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அரசின் ஐயத்தை நாம் முற்றும் குறை கூற மாட்டோம். கடத்தல் நடந்த கரை அது. ஆயினும், பெட்டி இருந்தால் வழக்கு, இல்லாவிட்டால் உயிருக்கு உறுதியில்லை என்ற நிலையில் ஒரு தலைமுறை கடலுக்குச் சென்று வந்தது என்பதைப் பதிவு செய்யாமல் விடவும் மாட்டோம். 2009 மேயில் போர் முடிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்துவிட்டது. கடல்வழியே வந்தவர்கள் நடத்திய தாக்குதல் அது. அரசின் பார்வை இப்போது தலைகீழாய் மாறிற்று. மீனவரே கடலின் கண்ணும் காதும் என்றது அரசு. ஐயுறவுக்குரிய கலம் கண்டால் உடனே தெரிவிக்கச் சொன்னது. தெரிவிக்கக் கருவி வேண்டுமல்லவா!

கருவியின் பயன்பாட்டுக்கு வருவோம். இதைப் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனெனில் விலை கொடுத்து வாங்கியும் பாதிப்பயனே பெறுவோர் பலர்.

கடலுக்குரியது மிகை அதிர்வெண் கருவி. ஆங்கில எழுத்துகளில் வி.எச்.எஃப். எனப்படுவது. 156 மெகாஹெர்ட்சை ஒட்டிய அலைவரிசைகள் உலகெங்கும் கப்பல்களுக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றுள் 16ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக் காலத்துக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. சந்தையில் மலிவாய்க் கிடைக்கும் நிலத்துக் கருவிகள் பல வேறு அலைவரிசையில் பேசுபவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே; ஆனால் 16ஆம் சேனலை அவை கேட்கவும் மாட்டா, பேசவும் மாட்டா. அருகில் செல்லும் சரக்குக் கப்பலையோ கடலோரக் காவல்படைக் கலத்தையோ அவற்றைக் கொண்டு அழைக்க முடியாது. 446 மெகாஹெர்ட்சை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் இயங்கும் சிறு கருவிகளுக்கு 2018 முதல் உரிமம் வேண்டுவதில்லை. திருவிழாக் கூட்டத்தில் அவை உதவும், கடலுக்கு அல்ல.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் செய்ய வேண்டியது மின்கலத்தை முழுதும் ஏற்றுவது. அடுத்து ஆன்டெனாவைத் திருகி இறுக்குவது. ஆன்டெனா இல்லாமல் பேசும் பொத்தானை அழுத்தினால், வெளியே செல்ல வேண்டிய ஆற்றல் திரும்பிக் கருவியின் வெளியீட்டுப் பகுதியையே சுட்டுவிடக்கூடும். பின்னர் ஒலித்திருகையும் 'ஸ்குவெல்ச்' எனும் இரைச்சலடக்கியும். இரண்டாவதைத்தான் பலரும் தவறாகக் கையாளுகின்றனர். பேச்சு இல்லாத வேளையில் 'உஸ்' என்ற இரைச்சல் வரும். அது அடங்கும் இடம் வரை திருப்பி, அங்கேயே நிறுத்த வேண்டும். இரைச்சல் எரிச்சலூட்டுகிறது என்று மேலும் திருப்பினால் கருவி அமைதியாகிவிடும். தொலைவிலிருந்து மெலிந்து வரும் குரலையும் சேர்த்தே விழுங்கிவிடும். கடலில் உதவி வேண்டுபவன் குரல் பெரும்பாலும் மெலிந்தே வருகிறது.

பேசுவதற்கு ஆற்றல் இருநிலை: ஒரு வாட், ஐந்து வாட். அருகில் உள்ள படகோடு பேச ஒரு வாட் போதும். மின்கலம் நெடுநேரம் நிற்கும். ஆன்டெனா எப்போதும் செங்குத்தாய் இருக்க வேண்டும். படுக்கவைத்துப் பேசினால் எட்டும் தொலைவு குறையும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்தே வாய் திறக்க வேண்டும். அழுத்தும்போதே பேசினால் முதற்சொல் போய்விடும். உதட்டிலிருந்து நான்கு விரற்கிடை தள்ளி, இயல்பான குரலில் பேசினால் போதும். கத்தினால் சொல் சிதையும். காற்றடிக்கும்போது முதுகைக் காற்றுக்குக் காட்டி நிற்பது கத்துவதைவிட நன்று. ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. இருவரும் அழுத்தினால் இருவர் குரலும் கெடும். ஆகவே தன் பேச்சு முடிந்ததென்று 'ஓவர்' சொல்லிப் பொத்தானை விட வேண்டும். தொலைபேசிப் பழக்கத்தில் வளர்ந்தவர்க்கு இது கடினம். தெருக்கூத்தில் ஒருவர் பாடி நிறுத்திய பின் மற்றவர் எடுப்பதைக் கண்டு வளர்ந்தவர்க்கு எளிது.

ஆபத்தில் 'மேடே' என்று மும்முறை சொல்லி அழைப்பது உலக மரபு. 1920களின் தொடக்கத்தில் லண்டன் குராய்டன் விமானநிலையத்தில் பணியாற்றிய மாக்ஃபோர்டு என்பவர், 'எனக்கு உதவுங்கள்' எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைக் கொண்டு ஆக்கிய சொல் அது. அதன் பின் படகின் பெயர், இருக்குமிடம், என்ன நேர்ந்தது, எத்தனை பேர் என்று வரிசையாய்ச் சொல்ல வேண்டும். எந்திரம் நின்றதை முதலில் விளக்கிக்கொண்டிருந்து, இடத்தைச் சொல்லும் முன் மின்கலம் தீர்ந்தால் பயனில்லை. ஆகவே இடமே முன்னால்.

இங்கு மொழி ஆர்வலராகிய நமக்கு ஒரு சிக்கல் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஆல்ஃபா, பிராவோ என்று குழப்பமில்லாச் சொற்கள் வகுத்திருக்கின்றனர். ஒன்பதைக் குறிக்கும் சொல்லையே சற்று நீட்டி ஒலிக்கின்றனர். தமிழில் அப்படியொரு மரபு எழவில்லை. 'ஒன்று', 'ஒன்பது' இரண்டும் ஒரே தொடக்கம். இரைச்சலில் பின்பகுதி அறுந்தால் எது எது? 'எழுபது', 'எண்பது' என்பனவோ கேட்கவே வேண்டாம். பாக் நீரிணையில் கிழக்கு நெட்டாங்கு எழுபத்தொன்பதுக்கும் எண்பதுக்கும் இடையிலேயே நிகழ்ச்சியெல்லாம் நடப்பதால் இது வெறும் இலக்கணச் சிக்கலன்று. எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, 'ஏழு, ஒன்பது' என்று பிரித்து, இருமுறை சொல்வதே வழி. அதற்குமேல் தமிழறிஞர் எவரேனும் ஒரு சொல்வரிசை வகுத்துத் தந்தால் கடல் அதை மறுக்காது.

இனி, எவ்வளவு தொலைவு எட்டும்? விற்பவர் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். இவ்வலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. பூமியின் வளைவு மறைத்தால் நின்றுவிடும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் கொண்டு அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அலைத்தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும்; பேசுபவர், கேட்பவர் இருவர்க்கும் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். நாட்டுப்படகில் நின்று கையில் பிடித்த கருவி நீர்மட்டத்துக்கு மேல் 2.25 மீட்டர் என்று கொள்வோம். வர்க்கமூலம் 1.5, தொலைவு 6 கிலோமீட்டர் சொச்சம். இருவரும் அப்படியே நின்றால் 12. விசைப்படகின் கம்பத்தில் 9 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கட்டியிருந்தால் ஒவ்வொன்றும் 12, இரண்டுமாக 25 அளவு. கரையில் 36 மீட்டர்க் கோபுரம் இருந்தால் அதன் பங்கு 25. நாட்டுப்படகுக் கைக்கருவியோடு சேர்த்து 31. இவை ஏட்டுக்கணக்கு, அலை உயர்ந்த நாளில் இன்னும் குறையும்.

இக்கணக்கை வரைபடத்தோடு வைத்துப் பார்த்தபோது நாமே சற்றுத் திகைத்தோம். கோட்டைப்பட்டினத்திலிருந்து 1974ஆம் ஆண்டு எல்லைக்கோட்டின் மிக அருகிய பகுதி ஏறத்தாழ இருபது கடல் மைல், அதாவது முப்பத்தாறு கிலோமீட்டர் அளவில் வருகிறது. கைக்கருவி கரைக்கோபுரத்தைத் தொடும் எல்லை முப்பதை ஒட்டியே முடிந்துவிடுகிறது. கைப்பேசிக் கோபுரத்தின் அலையும் அதற்கு முன்பே நின்றுவிடும். ஆக, எந்த இடத்தில் ஆபத்து மிகுதியோ, எந்த இடத்தில் 'கோட்டைத் தாண்டினாயா இல்லையா' என்பது வழக்காகுமோ, அந்த இடத்தில் கைக்கருவி கரையோடு பேசாது. அது பேசுவது பக்கத்துப் படகோடு மட்டும். பக்கத்துப் படகு அதற்கடுத்த படகுக்குச் சொல்ல, செய்தி கைமாறிக் கைமாறிக் கரை சேர வேண்டும். பழங்காலத்தில் மலைக்கு மலை தீ மூட்டிச் செய்தி அனுப்பிய முறைக்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடு இல்லை. விசைப்படகுகள் கூட்டமாய்ச் செல்வதன் பொருளும், தனித்துச் செல்லும் படகுக்குள்ள இடரும் இதனால் விளங்கும்.

2021ஆம் ஆண்டு இக்கடற்கரைக்குக் கொடிய ஆண்டு. அவ்வாண்டு ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற விசைப்படகு நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படைக் கலத்துடனான மோதலில் மூழ்கி நால்வர் இறந்தனர். அக்டோபரில் மீண்டும் அவ்வூர்ப் படகொன்று மோதலில் மூழ்கி ஒருவர் இறந்தார். யார் மோதியது என்பதில் இரு தரப்பும் இரு விதமாய்க் கூறின. கரைக்கு எட்டாத கடலில் நிகழ்ந்தவற்றுக்குச் சான்று, அருகிருந்தோர் கண்டதும் கேட்டதும்தாம். நடுக்கடலில் படகை மறித்துத் தாக்குவோர் முதலில் பறித்துச் செல்லும் பொருள்களாகச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை வலை, மீன், ஜி.பி.எஸ்., வாக்கிடாக்கி. பின்னிரண்டும் போனால் படகு குருடும் ஊமையும் ஆகிவிடுகிறது.

இயற்கையின் தாக்குதல் வேறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கைத் தீவு மறைத்து நின்றதால் இக்கரைக்கு நாகையின் கதி நேரவில்லை. அன்று வானலையின் அருமையைக் காட்டியது அந்தமான். நீண்ட இடைவெளிக்குப் பின் அங்கு அமெச்சூர் வானொலிக்கு அனுமதி கிடைத்து, டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்த வேளையில் பேரலை வந்தது. தொலைபேசிகள் ஓய்ந்த தீவிலிருந்து செய்திகளைத் தாயகத்துக்குச் சுமந்தது அந்நிலையம். பொழுதுபோக்கு என்று கருதப்பட்டது ஒரே நாளில் உயிர்நாடியாயிற்று.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தது. கன்னியாகுமரிக் கரையிலிருந்து பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் சென்றிருந்தோர் பலருக்குப் புயல் உருவான செய்தியே எட்டவில்லை. சென்றவர்களில் திரும்பாதோர் பலர். அதன் பின்னரே அரசுகள் விரைந்தன. 2019இல் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' என்னும் பெட்டி வெளிவந்தது. முந்நூறு கிலோமீட்டர் கடலுக்குள்ளும் புயற்செய்தி கேட்கும். நல்ல கருவிதான். ஆனால் அதுவும் கேட்கும் பெட்டியே, பேசும் பெட்டியன்று. பழைய புயற்கூண்டின் வானவெளிப் பிறவி. 2024இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் மீன்பிடிக் கலங்களுக்கு வழங்கப்படும் டிரான்ஸ்பாண்டர்களே இருவழிச் செய்திக்கு வகைசெய்கின்றன. அவையும் குறுஞ்செய்திக்கே. குரல் வேண்டுமென்றால் இன்றும் வாக்கிடாக்கிதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி மேற்கே சென்றபோது புதுக்கோட்டை மாவட்டம் முன்பு காணாத அழிவைக் கண்டது. கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்துத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. கைப்பேசிக் கோபுரங்கள் மின்சாரமின்றி ஓய்ந்தன. கடலில் இருப்போர்க்கே தகவல் தொடர்பு அரிது என்றிருந்தது போய், கரையில் இருப்போர் பக்கத்து ஊரின் நிலை அறியாது நாள்கணக்கில் தவித்தனர். கோபுரத்தை நம்பாது கைக்குக் கை பேசும் கருவியின் மதிப்பு அன்று மேட்டுநிலத்தாருக்கும் விளங்கியிருக்கும்.

பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு அமைப்புமுறை 1999 பிப்ரவரியில் முழுமையாய் நடைமுறைக்கு வந்தபோது முந்நூறு டன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களுக்கும் பயணிகள் கப்பல்களுக்குமே அது கட்டாயமாயிற்று. மீன்பிடிப் படகுகள் அவ்வலைக்குள் வரவில்லை. உரிமம் பெறும் வழியோ தில்லியை நோக்கி நீள்கிறது. மறுபுறம், உரிமமும் ஒப்புதலும் அற்ற கருவிகள் இணையக் கடைகளில் தாராளமாய்க் குவிந்தன. 2025இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவ்விற்பனைக்கு நெறிமுறைகள் வகுக்க நேர்ந்தது. வேண்டுவோர்க்கு உரிய கருவியை உரிய உரிமத்தோடு மீன்வளத்துறை அலுவலகத்திலேயே, படகைப் பதிவுசெய்யும் அதே மேசையில் தந்துவிட்டால் என்ன என்பது நம் எளிய வினா. படகுக்கு எண் தரும் அரசுக்குக் குரலுக்கும் எண் தருவது அரிய செயலா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் அந்நாள்களில் வாக்கிடாக்கி வீட்டுப் பரணில் கிடக்கும். இலித்தியம் மின்கலத்தை முற்றும் வறண்ட நிலையில் இரண்டு மாதம் விட்டுவிட்டால் பிறகு உயிர்பெறாமலே போகலாம். பாதியளவு ஏற்றி வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். மின்னேற்றும் செப்பு முனைகளில் உப்புப் பூத்திருந்தால் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். தடை முடிந்து முதல்நாள் கிளம்பும்முன், கரையிலேயே ஒரு படகிலிருந்து மறுபடகுக்குக் குரல் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்வது நலம். அந்தச் சோதனையை 16ஆம் சேனலில் மட்டும் செய்தல் ஆகாது. அந்நேரத்தில் அங்கே வேறு யாரேனும் அழைத்துக்கொண்டிருக்கக் கூடும்.